முறியாத எலும்புக்கு எதற்கு ராடு?

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் தொடை எலும்புக்குப் பரவியிருக்கிறதாம். எலும்பு முறியவே இல்லை, ஆனாலும் அதற்குள் ராடு, அதாவது தாங்கிப்பிடிக்கும் உலோகத் தண்டு, வைக்க வேண்டும் என்கிறாராம் மருத்துவர். ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகி.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு எலும்பு பிடித்தமான இடம். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889இலேயே எழுதினார்.

அந்த மண்ணில் நடப்பதுதான் வியப்பு. எலும்பை அரிப்பது பெரும்பாலும் புற்றுசெல் அல்ல. பழைய எலும்பை அகற்ற நம் உடம்பே வைத்திருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். கவிழ்த்த கிண்ணம் போல இவை எலும்பில் விளிம்பு ஒட்டி அமர்ந்து, அடியில் அமிலம் சுரக்கும். தாது கரைந்தபின் மிஞ்சும் கொலாஜனை ஒரு நொதி செரித்துவிடும். இவற்றை வேலைக்கு அழைப்பது, எலும்பு கட்டும் செல்கள் காட்டும் ராங்க்எல் என்ற புரதம். புற்றுசெல் வேறொரு புரதத்தைச் சுரந்து, அந்த அழைப்பை ஓயாமல் விடுக்கச் செய்கிறது. எலும்பு கரைய, அதற்குள் பூட்டிக் கிடந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. அவற்றில் கொழுக்கும் புற்றுசெல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. டெனோசுமாப் ஊசி ராங்க்எல்லைப் பிடித்துக்கொண்டு இந்தச் சுழலை அறுக்கிறது. (தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், பல் மருத்துவரைப் பார்த்துவிட்டே போட வேண்டும்.)

ஆனால் விழுந்த குழியை ஊசி உடனே அடைக்காது. சாதாரண எக்ஸ்ரேயில் குழி தெரியும்போதே அவ்விடத்தில் மூன்றிலொரு பங்கு தாதுவாவது போயிருக்கும். எலும்பு முறியும் அபாயத்தை மதிப்பிட மிரெல்ஸ் என்ற மருத்துவர் 1989இல் வகுத்த கணக்கில் இடம், வலி, குழியின் தன்மை, அளவு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மதிப்பெண். காலூன்றும்போது வலித்தால் வலிக்கு முழு 3. கூட்டுத்தொகை 9ஐத் தொட்டால் முறியும்முன் ராடு வைப்பதே வழக்கம். அறுவைப் புண் ஆறியதும் கதிர்வீச்சு. முறிந்தபின் வைத்தால் வலியும் ரத்த இழப்பும் அதிகம், எலும்பு கூடுவதும் நிச்சயமில்லை. இந்த நிலையில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஒற்றைக் குழி மட்டும் இருந்து, பரவிய புற்றுதான் என்று உறுதியாகாவிட்டால் பயாப்சிக்கு (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) முன் ராடு கூடாது. அது எலும்பிலேயே தோன்றிய சார்கோமா என்ற புற்றாக இருந்தால், ராடுக்காக மஜ்ஜைக் குழாயைக் குடையும்போது புற்றுசெல்கள் எலும்பு நெடுகச் சிதறிவிடும்.