ஏழு பேர்ச்சஸ் காணியின் ஒரு பக்கம் எத்தனை அடி?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போவதென்றால் இலங்கை மலையகத்தில் ஏழு பேர்ச்சஸ் கணக்குத்தான் நெடுநாளாகப் பேச்சில் இருந்தது. பேர்ச்சஸ் என்பது காணியின் பரப்பளவு; ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் பக்கம் எத்தனை அடி என்று தரம் 10 பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண வேண்டும். வகுக்கத் தெரிந்த பிள்ளைகூடச் சறுக்குவது முதல் வரியில், இலக்கங்களை இரண்டிரண்டாகச் சோடி சேர்க்கும்போதுதான்.

சோடியைத் தசமப்புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும்: முழுவெண்ணில் இடப்பக்கமாக, தசமப் பகுதியில் வலப்பக்கமாக. அப்படிப் பிரித்தால் 2 | 72 . 25. இடது ஓரத்தில் ஓரிலக்கம் தனித்து நிற்கலாம். வலது ஓரத்தில் தனித்தால் பூச்சியம் சேர்க்க வேண்டும். 2.5 இன் வர்க்கமூலத்தை 0.5 என்று எழுதுவது இதை மறந்ததால்தான், 2. 50 என்று பிரித்திருந்தால் 1.58 வரும்.

இனி வகுத்தல். 2 இல் அடங்கும் பெரிய வர்க்கம் 1. ஈவு 1, மீதி 1. அடுத்த சோடியை இறக்க 172. ஈவை இரட்டித்தால் 2. அதன் பக்கத்தில் ஓரிலக்கம் போட்டு, அதே இலக்கத்தால் பெருக்க வேண்டும். 27 × 7 = 189, கூடிவிட்டது. 26 × 6 = 156 சரி. மீதி 16, 25 ஐ இறக்க 1625. ஈவு 16, இரட்டித்தால் 32. 325 × 5 = 1625. மீதியில்லை, விடை 16.5 அடி. பழைய நீள அளவையில் ஒரு பேர்ச் என்பதும் இதே பதினாறரை அடிதான்.

ஏன் இரட்டிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் படிகளை மட்டும் மனப்பாடம் செய்விப்பதுதான் பெரிய குறை. 16 அடிச் சதுரத்தின் ஒரு மூலையில் 10 × 10 ஐ வெட்டி எடுங்கள். 10 அடி நீளமும் 6 அடி அகலமுமான இரண்டு பட்டிகளும் 6 × 6 மூலையும் மிஞ்சும். பட்டி இரண்டு என்பதால் 20, மூலைக்காக 6; (20 + 6) × 6 = 156. சோடியாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு: பக்கம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்காகும்.

ஈவு முழுவதையும் இரட்டிக்க வேண்டும். கடைசி 6 ஐ மட்டும் இரட்டித்து 12 என்று எழுதுபவர்கள் உண்டு. பழைய வகுத்தியோடு கடைசி இலக்கத்தைக் கூட்டினாலும் போதும்: 26 + 6 = 32.

பூச்சியம் இன்னொரு பள்ளம். 41209 ஐ 4 | 12 | 09 என்று பிரித்தால் ஈவு 2, மீதி 0. இறக்கியது 12, ஆனால் 41 × 1 கூட அதில் அடங்காது. ஈவில் 0 போட்டு, வகுத்தியை 40 ஆக்கி, 09 ஐயும் இறக்க வேண்டும். 403 × 3 = 1209; விடை 203. பூச்சியத்தை விட்டவர் 49 × 9 = 441 வரை போய், 1209 ஐ எட்ட முடியாமல் விழிப்பார். 9 போதவில்லை என்றால் முந்தைய படியைப் பாருங்கள்.

ஒரு முழுவெண்ணின் வர்க்கமாக வருவதே நிறைவர்க்கம். அந்தக் கேள்விகளில் 2, 3, 7, 8 இல் முடியும் முழுவெண்ணை வகுத்துப் பார்க்கவே வேண்டாம், அது நிறைவர்க்கமாகாது. 5000 ஐ வகுத்தால் ஈவு 70, மீதி 100. 5000 ஐ நிறைவர்க்கமாக்கக் கழிக்க வேண்டியது அந்த 100. கூட்ட வேண்டியதைக் கேட்டாலும் 100 என்றே எழுதிவிடுகிறார்கள். 71 × 71 = 5041; கூட்ட வேண்டியது 41.

ஏழு பேர்ச்சஸ் 1905.75 சதுர அடி. 19 | 05 . 75 | 00 என்று பிரித்தால் 4, 83 × 3, 866 × 6, 8725 × 5 என்று போய் 43.65 வரும், ஏறக்குறைய 43 அடி 8 அங்குலம். இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டுவதானால் மூன்றாவது இலக்கத்தையும் காண வேண்டும். இங்கே அது 4, ஆகவே 43.65 மாறாது. சரிபார்க்க மீதியே போதும்: கடைசி மீதி 4275, அதாவது 0.4275. 43.65 × 43.65 = 1905.3225. இரண்டையும் கூட்டினால் 1905.75 அப்படியே வர வேண்டும்.