நாற்பது கார்டு கொடுத்தேன், ஒரு போன்கூட வரவில்லை

ஆடிட்டராகத் தொழில் தொடங்கிய புதிதில், ஏற்காட்டில் ஒரு விடுதியில் நடந்த வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் வயிறு கலங்கிவிட்டது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. பையில் புதுசாக அச்சடித்த விசிட்டிங் கார்டுகள் இருந்தன. சாயங்காலத்துக்குள் நாற்பது கார்டு கொடுத்து, முப்பது வாங்கினேன். ஒரு மாதம் ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை. முப்பதையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். எந்தக் கார்டு எந்த முகத்துடையது என்று எனக்கே தெரியவில்லை. அவர்களுக்கு மட்டும் என்னை ஞாபகம் இருக்குமா?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் எந்த ஊர், என்ன தொழில், மழை எப்படி என்று சாம்பார் வருவதற்குள் விசாரித்துவிடுகிற ஊர் நம் சேலம். அதே ஆட்கள் கூட்டத்துக்கு வந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். ஜவ்வரிசிக்காரர் ஜவ்வரிசிக்காரரோடு உட்காருகிறார். கொலுசுக்காரர், கொலுசுத் தொழில் நடக்கிற செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த இன்னொருவரைத் தேடிப் போகிறார். லீ பஜார் சந்தையில் தினமும் பார்க்கிற முகத்தைக் காசு கட்டி வந்து இங்கேயும் பார்ப்பானேன்?

என் வாடிக்கையாளர் ஒருவர், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர், ஒருமுறை இடமில்லாமல் தெரியாதவர்கள் மேசையில் உட்கார நேர்ந்தது. “என்ன பண்றீங்க?” என்று கேட்டதற்கு ஆலையின் பெயரைச் சொல்லாமல், “கிழங்கு கழுவின தண்ணி நாத்தத்துக்கு ஊர்க்காரங்ககிட்ட திட்டு வாங்கறேன்” என்றிருக்கிறார். எதிரே இருந்தவர் சாண எரிவாயுக் கலன் அமைக்கிற பொறியாளர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மரவள்ளிக் கழிவுநீரிலிருந்தும் எரிவாயு எடுக்கலாம் என்பது அன்றைக்குத்தான் இவருக்குத் தெரிந்தது. இன்று ஆலையின் எரிபொருள் செலவில் ஒரு பகுதி அதில் மிச்சமாகிறது. நிறுவனத்தின் பெருமையைச் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்.

மேடைப் பேச்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டீ இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிடுவேன். வரிசை சேருவதற்குள் இரண்டு பேரிடம் நிதானமாகப் பேசலாம். அந்த இரண்டு பேர் போதும். கார்டு வாங்கினால் உடனே அதன் பின்பக்கம் பேனாவால் ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்: தேதி, இடம், அவர் எதைத் தேடுகிறார். இரண்டு நாளுக்குள் வாட்ஸ்அப்பில் அந்த விஷயத்தையே குறிப்பிட்டு நாலு வரி அனுப்புவேன். பத்துப் பக்க விளம்பர பிடிஎஃப் அனுப்புவதும், கேட்காமல் குழுவில் சேர்ப்பதும் வேண்டாம். எனக்கு யாராவது அப்படிச் செய்தால் அன்றே வெளியேறிவிடுகிறேன்.

அறிமுகம் ஆனவுடனே கடனுக்குச் சரக்கு அனுப்புவதுதான் என் தொழிலில் நான் அதிகம் பார்க்கிற தப்பு. கார்டில் உள்ள ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், லாகின் இல்லாமலே, பதிவு யார் பெயரில், எப்போதிலிருந்து, நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்றும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

நீங்கள் குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) எண்ணைப் பில்லில் அச்சிட்டுவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். இதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரிடம் வாங்குபவரும் கொஞ்சம் கவனமாகவே நடந்துகொள்கிறார்.

கொலுசு செய்கிற வாடிக்கையாளர் ஒருவர், கண்காட்சியில் சந்தித்த வெளிமாநில ஆளுக்கு மறு வாரமே சரக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். எண்ணைப் போட்டுப் பார்த்தால், பதிவு ஆறு மாதம் முன்பே ரத்து. பணம் இன்னும் வரவில்லை. கார்டு மட்டும் அவருடைய கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கெட்டி அட்டை, தங்க எழுத்து.