வராத தடுப்பூசிக்கு விலை பேசிய திட்டம்

குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரவைக்கும் கிருமி நிமோகாக்கஸ். சிறு குழந்தைகளுக்கு ஏற்ற தடுப்பூசி 2000-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. அது தடுத்தது அந்தக் கிருமியின் 7 வகைகளை. ஏழை நாடுகளை அதிகம் படுத்திய 1, 5 என்று எண்ணிட்ட வகைகள் அதில் இல்லை. வாங்கக் காசில்லாதவர்களுக்காக யார் ஆலை கட்டுவார்கள்?

இதற்காகத்தான் 2009-ல் 'முன்கூட்டிய சந்தை உறுதி' திட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து, ஊசி தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. நடத்தியது காவி என்ற தடுப்பூசிக் கூட்டமைப்பு (நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை).

ஆய்வு செய்கிறோம் என்று கை நீட்டினால் இதில் பணம் கிடைக்கவில்லை. ஊசி தயாராகி, உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்று, நாடுகள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1, 5, 14 வகைகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டியிருந்தது.

சரி, அன்றைய கணக்குக்கு வருவோம். டோஸ் விலை 3.50 டாலரைத் தாண்டக் கூடாது. ஆலை போட்ட செலவை ஈடுகட்ட, முதலில் விற்கும் டோஸ்களுக்கு மட்டும் இன்னொரு 3.50 டாலர் மேலே கிடைக்கும். ஆண்டுக்கு 20 கோடி டோஸ் என்பது இலக்கு. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 3 கோடி வீதம் 10 ஆண்டு தர ஒப்பந்தம் போட்டால், அது இலக்கில் 15 சதவீதம். நிதியிலும் அதே பங்கு, அதாவது 22.5 கோடி டாலர். சுமார் 6.4 கோடி டோஸோடு அந்தக் கூடுதல் தொகை தீர்ந்துவிடும். மீதி 23 கோடிக்கு மேற்பட்ட டோஸ்களை அந்த 3.50 டாலர் உச்சவரம்புக்குள்தான் விற்றாக வேண்டும். மிக ஏழையான நாடுகள் தம் பங்காக டோஸுக்கு 20 சென்ட் கட்டினால் போதும்.

எனக்கு உறுத்துவது ஒன்று. பத்தாண்டுகள் இதில் விற்றவை இரண்டே பெருநிறுவனங்கள். மூன்றாவதாக இந்தியாவின் சீரம் நிறுவனம் 2020-ல்தான் ஒப்பந்தம் போட்டது. அது கேட்ட விலை 2 டாலர்.

தாமதத்துக்குக் காரணம் தயாரிப்பு முறையிலும் இருக்கிறது. ஒவ்வொரு வகைக் கிருமியையும் தனித்தனியாகத் தொட்டியில் வளர்த்து, அதன் மேலுறைச் சர்க்கரையைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஒரு புரதத்தோடு பிணைக்க வேண்டும். வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சரியாக எதிர்ப்புக் காட்டாது. கிருமியே வளர்க்காமல் அந்தச் சர்க்கரையை வேதியியல் முறையில் கட்டலாம் என்று கியூபா காட்டியது. அங்கே 2003-ல் அனுமதி பெற்ற ஹிப் (குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரவைக்கும் இன்னொரு கிருமி) தடுப்பூசி அப்படிச் செய்ததுதான். ஆனால் ஹிப்புக்கு ஒரே சர்க்கரை போதும். நிமோகாக்கஸுக்கு வகைக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும்.