சேற்றுக்குள் பார்க்கும் மூக்கு

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் வேதாரண்யத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சதுப்பின் மேல் கானல் எழும். பைனாகுலரில் பறவைகளெல்லாம் நெளியத் தொடங்கிவிடும்.

ஜனவரியில் ஒரு நாள் அப்படிப் போயிருந்தேன். உப்பளத்தை ஒட்டிய பாதையோரம், இருபதடி தூரத்தில் ஒரு வளைமூக்கு உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை அது. எடை நூறு கிராம்கூட இருக்காது. தையல் மிஷின் ஊசிபோல அதன் மூக்கு சேற்றில் ஏறி இறங்கியது. ஏழெட்டுக் குத்துக்குப் பிறகு சட்டென்று ஓரிடத்தில் நின்று, மூக்கைக் கண்வரை அழுத்தி, ஒரு புழுவை உருவி எடுத்தது. கலங்கிய சேற்றில் புழு கண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தது?

விடை மூக்கின் நுனியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கொம்புப்பொருள்தான். உள்ளே நுனி எலும்பில் தேன்கூடுபோல நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் என்னும் தொடுவுணர்வு முனைகள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான சவ்வு, நடுவில் ஒரு நரம்பு. மிக மெல்லிய அதிர்வையும் அழுத்த மாற்றத்தையும் இவை மூளைக்குச் சொல்லிவிடும். நம் விரல் நுனியிலும் இதே பாணியில் அமைந்த உணர்முனைகள் உண்டு. புழு நெளிந்தால் அந்த அசைவு மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அசையாமல் கிடக்கும் சிப்பியை என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரெட் நாட் என்ற உள்ளான் வகையை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஈர மணலில் சிப்பி புதைந்திருந்தால் பறவைகள் கண்டுபிடித்தன. சிப்பிக்குப் பதிலாக வெறும் கல்லைப் புதைத்தபோதும் கண்டுபிடித்தன. ஆகவே வாசனையோ அசைவோ காரணமில்லை. மணலைக் காயவைத்துக் கொடுத்தபோதோ அவற்றால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியென்றால் துப்பு கொடுப்பது தண்ணீர். ஈர மணலில் மூக்கை அழுத்தும்போது மணல்துகள்களின் இடுக்கிலிருக்கும் நீர் நகர்ந்து வழிவிடும். வழியில் கடினமான பொருள் ஒன்று கிடந்தால், வாய்க்காலில் கல்லைப் போட்டதுபோல நீர் தடுக்கப்பட்டு அந்தப் பக்கம் அழுத்தம் கூடும். திரும்பத் திரும்பக் குத்தும்போது மூக்கு நுனி அந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்கிறது. சிப்பியைத் தொடாமலேயே, அது இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது!

தெரிந்தால் மட்டும் போதாது, எடுக்க வேண்டுமே. இறுகிய சேற்றுக்குள் முழு வாயையும் திறப்பது பெரும்பாடு. அதனால் உள்ளான்களின் மேல்மூக்கு நுனிக்குச் சற்று முன்பாக வளையும்படி அமைந்திருக்கிறது. வாய் மூடியபடியே இருக்க, நுனி மட்டும் சாமணம்போலத் திறந்து இரையைக் கவ்வும்.

பட்டாணி உள்ளானின் வழி வேறு. குட்டை மூக்கு, பெரிய கண்கள். நாலடி ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், கொத்தும். பக்கத்தில் இன்னொன்று ஓடினால் புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் இவை தள்ளித் தள்ளியே மேய்கின்றன. தொட்டுத் தேடும் உள்ளான்களுக்கு அந்தக் கவலை குறைவு. தோளோடு தோள் உரச மேயலாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது, கூட்டம் நெருங்கியிருக்கிறதா சிதறியிருக்கிறதா என்பதை வைத்தே எது என்று ஓரளவு ஊகித்துவிடுவேன்.

மூக்கின் நீளமும் இரையைப் பங்குபோடுகிறது. கொசு உள்ளானின் மூக்கு 2 சென்டிமீட்டர்கூட இருக்காது. மேற்சேற்றைத்தான் அதனால் துழாவ முடியும். கோட்டான் என்ற கரைப்பறவையின் (ஆந்தை அல்ல) மூக்கோ 15 சென்டிமீட்டர் வரை போகும். ஆழத்து வளைக்குள் இருக்கும் புழுவும் நண்டும் அதன் பங்கு.

மாலை மூன்று மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பி வந்தேன். ஆழமில்லாத தண்ணீரைக் காற்று ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. காலையில் உள்ளான் குத்திய குழிகள் வெளிறிய சேற்றில் வரிசையாகத் தெரிந்தன. மிதித்தால் கால் பதியாத அளவுக்குத் தரை இறுகியிருந்தது. அங்கே ஒரு பறவையும் இல்லை. இருநூறடி தள்ளி, ஈரம் மின்னும் விளிம்பை ஒட்டி உள்ளான் கூட்டம் மொத்தமும் தலைகுனிந்து நின்று குத்திக்கொண்டிருந்தது.