ஈசிஜி நோமல் என்றால் நுரையீரலும் நோமலா?

மறுபடியும் அதே வரிசைதான். சிசேரியன் முடிந்து பத்தாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்குகிறது. வீட்டில் எண்ணெய் பூசி உருவுகிறார்கள். இரண்டு நாளில் மூச்சு வாங்குகிறது. வாய்வு என்று ஓமத்தண்ணீர். பிறகு எங்கோ ஓர் ஈசிஜி எடுத்து, "ஹார்ட்டில ஒண்டுமில்லையாம்" என்று திரும்பிவிடுகிறார்கள்.

ஹார்ட்டில் ஒன்றுமில்லைதான். காலில் உறைந்த இரத்தக்கட்டி கழன்று போய்க் கிடப்பது நுரையீரலின் இரத்தக்குழாயில். ஈசிஜி எழுதுவது இதயத்தின் மின்னோட்டத்தை. குழாய் அடைபட்டதை அது நேரே காட்டாது. பலரில் தெரிவது வேகமான துடிப்பு மட்டும். சிலரில் அதுவும் இல்லை. எக்ஸ்ரேயும் அப்படித்தான். படம் சுத்தமாக இருந்தும் இரத்தத்தில் ஒட்சிசன் 90 வீதத்தில் நின்றால், அந்தச் சுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரத்தக்கட்டியைத் தேடும் இரத்தப் பரிசோதனையான டீ-டைமரோ பிரசவம், ஒப்பரேஷன் முடிந்தவர்களில் கட்டி இல்லாமலே கூடியிருக்கும். சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் முடிவு சொல்லும்.

வீட்டில் தையல் அளவுநாடா இருக்கிறதல்லவா? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரண்டு காலையும் சுற்றி அளவுங்கள். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. வித்தியாசம் குறைவென்றாலும் நோவும் வீக்கமும் இருந்தால் காட்டத்தான் வேண்டும். தயவுசெய்து உருவாதீர்கள்.

சந்தேகம் வலுத்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலே இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனொக்ஸபரின் ஊசி தொடங்கும்: உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பழுதென்றால் அளவு மாறும். கட்டியை உடனே கரைக்கும் மருந்து மேல் பிரஷர் 90க்குக் கீழே விழுந்து நிற்பவர்களுக்குத்தான். எல்லாருக்கும் ஏற்றினால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்துத்தான் மிஞ்சும். எனொக்ஸபரின் கட்டியை வளரவிடாமல் பிடிக்கிறது, கரைப்பது உங்கள் உடம்பு. அதற்குக் காலம் வேண்டும். அதனால்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் குளிசை குறைந்தது மூன்று மாதம். மூச்சு சரியாகிவிட்டது என்று மூன்றாம் வாரமே நிறுத்துபவர்களுக்கு என்ன சொல்வது! இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கையிலை வாபரினின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் சாப்பிடலாம், வாராவாரம் ஒரே அளவில். முதுகு நோவுக்கு பாமசியில் டைக்லோஃபெனக் கேட்டு வாங்காதீர்கள், வாபரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியும்.

கொழும்பில் ஒப்பரேஷன் முடித்து இரவு பஸ்ஸில் திருகோணமலைக்கு வருபவர்களே, ஒரே இருப்பில் இருந்தாலும் காலில் இரத்தம் உறையும், ஹபரணையில் பஸ் நின்றால் இறங்கி நடவுங்கள். வழி முழுக்கத் தண்ணீர் குடியுங்கள்.

திடீரென மூச்சு வாங்கினால், இருமலில் இரத்தம் வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோகிறது என்று மட்டும் சொல்லாமல், பிரசவத் திகதியைச் சொல்லுங்கள், காலையும் காட்டுங்கள்.