தேருக்கு முட்டுக்கட்டை, மூளைக்கு லிப்ரியம்

ஊரடங்கை ஒட்டி 2020 மார்ச் 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. தினமும் குடித்து வந்தவர்களின் உடல் மறுநாளே கணக்குக் கேட்க ஆரம்பித்தது. கேரளத்தில் நிலைமை முற்றி, மருத்துவர் சீட்டு கொண்டு வருபவருக்கு மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. மருத்துவர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. குடியை நிறுத்தும்போது வரும் கோளாறுக்கான மருந்து 1960-லிருந்தே கடையில் இருக்கிறது.

அதன் பெயர் குளோர்டயாசிபாக்சைடு. லிப்ரியம் என்றால் பலருக்குப் புரியும். அது கிடைத்ததே ஒரு குப்பை ஒழிப்பில்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் செய்து பார்த்த பல சேர்மங்கள் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 1957-ல் ஆய்வக மேசையை ஒழுங்குபடுத்தும்போது, சோதிக்கப்படாமலே கிடந்த ஒன்று கண்ணில் பட்டது. தூக்கிப் போடுவதற்கு முன் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை சாந்தமாயின, ஆனால் சுருண்டு விழவில்லை. பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசிபைன் என்ற மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அப்படித்தான் பிறந்தது. டயசிபாம் அதற்குத் தம்பி.

இது என்ன செய்கிறது என்று புரிய, தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே வடம் பிடித்து இழுக்கும். சக்கரத்தின் அருகில் சிலர் முட்டுக்கட்டையோடு நிற்பார்கள். கட்டை போடுபவர்கள் இல்லாவிட்டால் தேர் வீதியில் நிற்காது, வீட்டுக்குள் புகுந்துவிடும். மூளையில் வடம் இழுப்பது குளூட்டமேட், நரம்பணுக்களைத் தூண்டிவிடும் வேதிப்பொருள். கட்டை போடுவது காபா, அவற்றை அடக்கும் வேதிப்பொருள். காபா நரம்பணுவின் மேல் தனக்கென இருக்கும் இருக்கையான ஏற்பியில் அமரும்போது ஒரு சிறு வாசல் திறந்து, குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் நுழைகின்றன, நரம்பணு அடங்குகிறது.

மது, கட்டை போடும் பக்கம் சேர்ந்துகொள்ளும் ஆள். வடம் இழுப்பவர்களின் கையையும் தளர்த்திவிடும். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. வடத்துக்கு ஆள் கூட்டும், தன்னுடைய கட்டைக்காரர்களைக் குறைக்கும். அதனால்தான் பழகிய குடிகாரர் அரை பாட்டில் குடித்தும் நேராக நடக்கிறார். பிறகு ஒருநாள், சாமிக்கு மாலை போட்டோ, மனைவி மேல் சத்தியம் செய்தோ, குடியை ஒரேயடியாக நிறுத்துகிறார். முட்டுக்கட்டை பிடுங்கப்பட்டுவிட்டது, இழுப்பவர்கள் அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள்.

கை நடுக்கத்தை நம் ஊரில் 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள். உண்மையில் நரம்பு தளரவில்லை, முறுக்கேறி இருக்கிறது. கடைசிக் குவளைக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் பிதற்றல் நிலை: காய்ச்சல், இடம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூச்சல். வீட்டார் இதைப் பேய் பிடித்ததாக எண்ணிப் பூசாரியிடம் போகும் நேரத்தில் உயிரே போகலாம்.

சாப்பாடு இல்லாததால்தான் இதெல்லாம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1955-ல் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் கென்டக்கியில் சிலருக்கு நல்ல உணவும் கூடவே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பின் நிறுத்திப் பார்த்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கும் வலிப்பு வந்தது, பிதற்றலும் வந்தது. குற்றவாளி பட்டினி அல்ல, திடீர் நிறுத்தம்.

லிப்ரியம் தானே கட்டையாகாது. இருக்கும் கட்டைக்காரரின் கையை வலுப்படுத்துகிறது: காபா அமரும்போது அந்த வாசல் அடிக்கடி திறக்கிறது. அதைவிட முக்கியம், அது மெல்ல விலகும் குணம். ஈரல் அதை உடைக்கும்போது பிறக்கும் பொருள்களும் வேலை செய்பவையே. அவற்றில் ஒன்று நாள்கணக்கில் உடலில் தங்கும். கட்டையை ஒரேயடியாகப் பிடுங்காமல் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது போல. முதல் நாள் அதிக அளவில் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அளவை ஊகத்தில் முடிவு செய்வதில்லை. செவிலியர் "கையை நீட்டுங்கள், விரலை விரியுங்கள்" என்கிறார். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், தன் விரல் நுனியால் நோயாளியின் விரல் நுனியைத் தொட்டு உணர்கிறார். இப்படிப் பத்துக் கேள்விகள். மொத்தம் 67 மதிப்பெண், நோயாளி எடுப்பதைப் பார்த்தே மருந்தின் அளவு. கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், பி1 வற்றிப்போன மூளை நிலைகுலையக்கூடும்.

அந்த நீண்ட தங்கல்தான் ஆபத்தும். ஈரல் கெட்டவருக்கு மருந்து வெளியேறாமல் தேங்கும். அவருக்கு மருத்துவர் லோரசிபாம் போன்ற வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார். முதியவர் இரவில் எழுந்து தடுமாறி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இதைச் சாப்பிடும் நாள்களில் வண்டி ஓட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட மோசமானது, மாத்திரையையும் போட்டுக்கொண்டு குவார்ட்டரையும் அடிப்பது. இரண்டும் ஒரே கட்டையை அழுத்தும்போது நிற்பது மூச்சு. டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை, மருந்துகளோடும் இதே கதை.

பதற்றத்துக்காக இதை எடுப்பவர்களின் சிக்கல் வேறு. சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதித் தரப்பட்ட மாத்திரை மாதங்களாக நீளும். மதுவுக்குச் செய்ததையே மூளை இதற்கும் செய்யும். அப்போது திடீரென நிறுத்தினால் அதே நடுக்கம், அதே வலிப்பு. இறங்கும்போதும் மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

இந்தியாவில் 2014 மார்ச் 1 முதல் லிப்ரியம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். மருந்துக் கடைக்காரர் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நம் வீட்டு அலமாரிக்குப் பதிவேடு கிடையாது. பாதி தீர்ந்த அட்டை அங்கேதான் கிடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு கிழித்துக் கொடுக்க வசதியாக.