பழைய புல்லட்டில் தூரப் பயணம்: சூடு எங்கே பிறக்கிறது?

போன வருஷம் ஆனி மாதம், மத்தியானம் ஒரு மணி இருக்கும். பணகுடி தாண்டி நாற்கரச் சாலை ஓரத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, வண்டி ஓடிட்டிருக்கும்போதே பிடிச்சு நின்னுருச்சு. பின் வீல் இழுத்துக்கிட்டு வழுக்கிருச்சு. கிக்கர் இறங்கவே மாட்டேங்குது. தண்ணி பாட்டில் இருக்கு, எஞ்சின் மேல ஊத்தட்டுமா?"

"ஊத்தாதப்பா. நீ முதல்ல நிழலுக்குப் போ. வண்டியை அப்படியே விடு" என்றேன். அவர் கீழே விழாமல் தப்பியதே பெரிய காரியம். பின்னால் லாரி எதுவும் வரவில்லை.

அது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட் 350. மதுரையில் என் பட்டறையில், அதற்கு முந்தைய மாதம்தான் போரிங் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) புது பிஸ்டன் ஏற்றியிருந்தேன். வேனில் ஏற்றி வரச்சொல்லிப் பிரித்துப் பார்த்தபோது, சைலன்சர் பைப் பக்கத்துப் பிஸ்டன் சுவர் முழுக்க நெடுக்குக் கோடுகள். பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடுகிற கார்புரேட்டருக்கும் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட்டின் கீழ் ஓரத்தில் நகம் அகலத்துக்கு ஒரு பிளவு. அதை மாட்டியவன் நான். பழசையே திரும்ப வைத்துவிட்டேன். அந்த இடைவெளியில் காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து, வண்டி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு, தூரம் போகிறேன் என்று யார் பழைய புல்லட்டைக் கொண்டுவந்தாலும் நான் சூட்டைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். வருகிறவர்களில் பலர் "நல்ல கூலிங் ஆயில் எது, ஆயில் கூலர் வைக்கலாமா" என்றுதான் கேட்கிறார்கள். பட்டறையில் நான் பார்த்தவரை, சூட்டில் பிடித்த எஞ்சின்களில் பெரும்பாலானவை ஊரை விட்டுக் கிளம்பும்போதே கெட்டுப்போயிருந்தவை. வெயிலும் தூரமும் அதை வெளியே காட்டின, அவ்வளவுதான்.

இந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி ஏறினால் இந்தப் பிஸ்டன் சுமார் 0.15 மில்லிமீட்டர் பெருக்கும். சிலிண்டர் அதில் பாதிதான் வழிவிடும். வார்ப்பிரும்பு சூட்டை வெளியே தள்ளுவதிலும் அலுமினியத்தைவிட மந்தம். இடையில் இருக்கிற ஆயில் படலத்துக்கு இடமில்லாமல் போகும் நிமிஷத்தில் பிஸ்டன் பிடிக்கும். புதிதாகப் போரிங் போட்ட வண்டியில் இந்த இடைவெளி இன்னும் குறைவு. முதல் 500 கிலோமீட்டரை மெதுவாக, ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்வது அதனால்தான்.

சூடு கூடுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பாயிண்ட்டை, அதாவது பிளக்கில் பொறி விழவைக்கிற சுவிட்சை. கான்டாக்ட் பாயிண்ட் வைத்த வண்டிகளில், கேமில் உரசும் குதிகால் நாளாக ஆகத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். குறைந்தால் பொறி விழும் நேரமான டைமிங் தானாகப் பின்தங்கும். யாரும் எதையும் திருகவில்லை, ஆனாலும் டைமிங் மாறிவிட்டது! அப்போது கலவை தாமதமாகப் பற்றி, எரிந்துகொண்டே வெளியேறும். எக்ஸாஸ்ட் வால்வும் பைப்பும் காய்ந்து, பைப்பின் வளைவு நீலம் பாய்ந்துவிடும். அதை அழகு என்று போட்டோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அதோடு, எஞ்சின் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னால் நகர்த்துகிற அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் தடையில்லாமல் அசைகின்றனவா என்றும் பாருங்கள். நாள்பட்ட வண்டியில் அது துருவேறி ஒரே இடத்தில் நிற்கும்.

டைமிங் முந்திப்போனாலும் ஆபத்துதான். ஏற்றத்தில் டிக் டிக் என்று உலோகம் தட்டுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு மலை ஏறாதீர்கள்.

டாப்பெட்டை (வால்வைத் திறக்கிற பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளியை) எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பார்க்க வேண்டும். வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ் ராடை விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. இறுக்கினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கிற இடமே அது மூடி உட்காருகிற சீட்தான். அங்கே உட்கார நேரமில்லாத எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். டாப்பெட் சத்தம் கொஞ்சம் கேட்கிற புல்லட் எனக்கு நிம்மதி.

அடுத்து பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு 13.5 அளவுக்கு இறங்குகிறது. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைச் சரிசெய்துகொள்ளும். நம் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, பெட்ரோல் வருகிற ஜெட்டின் ஓட்டை அளவுக்குத்தான் விடும். பத்து வருஷத்துக்கு முன் சரியாக வைத்த ஜெட், இன்று ஏழெட்டு சதவீதம் குறைவாகப் பெட்ரோல் விடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு மேல் தடையில்லாத சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் மாட்டி ஜெட்டை மட்டும் மாற்றாமல் விட்டால், கலவை இன்னும் மெலியும். பல வண்டிகளுக்கு மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிய பிறகே பிளக் பழைய நிறத்துக்கு வந்தது.

பிளக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். வாகனம் வராத நேர் சாலையில் பயண வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, ஆக்சிலரேட்டரை விடாமல் கிளட்ச்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து ஓரம் கட்டுங்கள். கொஞ்சம் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் தைரியமாகப் போகலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்துப் பார்த்தால் உண்மை தெரியாது.

ஆயில் அளவில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இது ட்ரை சம்ப் எஞ்சின். ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அதை உள்ளே தள்ளும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திரும்ப அறைக்கு அனுப்பும். ஒரு வாரம் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கீழே இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைகிறது என்று அரை லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் மொத்தமும் திரும்பிவந்து, அதிகப்படி ஆயில் எஞ்சின் மூச்சுவிடுகிற குழாயான பிரீதர் வழியே பின் டயர் வரைக்கும் தெறிக்கும். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு அளவு பாருங்கள். 20டபிள்யூ50 ஆயில் போதும். விலை கூடியதைத் தேடுவதைவிட, சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுவது முக்கியம். இந்த எஞ்சினில் சூட்டைச் சுமந்து இறக்குகிற வேலையில் ஆயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெக் கார்டு முழுக்கப் பைகள், அதற்குமேல் மழைக்கு ரெக்சின் திரை, நடுவில் பெரிய ஹாரன், இரண்டு ஃபாக் லைட். சிலிண்டருக்கு முன்னால் சுவர் எழுப்பிய மாதிரி இருக்கும். தயவுசெய்து சுமையைப் பின்னால் கட்டுங்கள். சிலிண்டரைச் சுற்றியிருக்கிற ஃபின்ஸ் தகடுகளின் நடுவே எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தால், டீசலும் பிரஷும் வைத்து, குளிர்ந்த எஞ்சினில் தேய்த்துக் கழுவுங்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று நடந்ததில் காற்றுக்கும் பங்கு இருந்தது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பது அதை நம்பித்தான். நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. சமதளச் சாலைதான், ஆனால் 80-ல் போக முக்கால் ஆக்சிலரேட்டர் திருக வேண்டியிருக்கும். எஞ்சினுக்கு அது மலை ஏறுகிற வேலை. மெலிந்த கலவையும் புது பிஸ்டனும் சேர்ந்தால் தாங்குமா? அங்கே 60 போதும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். அப்போது சிலிண்டரின் மேல் படுகிற காற்று குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலைப்பாதையில், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவானாலும் கொல்லிமலையின் 70 ஆனாலும், பெரிய கியரில் திணறவிட்டு ஏறாதீர்கள். ஒரு கியர் குறைத்து, எஞ்சினைச் சீராகச் சுழலவிடுங்கள். ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் ஐட்லிங்கில் விட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நகராத வண்டிக்குக் காற்று இல்லை. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சூடான வண்டியில் டேங்கை வாய்வரை நிரப்பாதீர்கள், வழிந்தால் நேராக ஹெட்டின் மேல்தான் விழும்.

பிஸ்டன் பிடிப்பதற்கு முன்னால் வண்டி சொல்லும். இழுவை குறையும், அதே வேகத்துக்கு ஆக்சிலரேட்டர் இன்னும் கேட்கும். தட்டுகிற சத்தம் வரும். நியூட்ரல் விழ மறுக்கும். காய்ந்த ஆயில் வாடை அடிக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்ததும் இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் மேல் இருக்கட்டும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற மாதிரி தோன்றிய அந்த நொடியில் கிளட்ச்சை அழுத்தி, உருண்டபடியே ஓரம் போங்கள். பின் வீல் பூட்டிக்கொண்டால் அடுத்தது கீழே விழுவதுதான்.

நின்ற பிறகு தண்ணீர் வேண்டாம். கொதிக்கிற வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். கிக்கரில் ஏறி மிதிக்கவும் வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறியதும் கிக்கர் தானாக இறங்கும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகலாம். ஆனால் உள்ளே பிஸ்டன் கோடு விழுந்திருக்கும். ஆயில் பார்த்து, 40-க்கு மேல் போகாமல் பக்கத்துப் பட்டறை வரை போங்கள், பயணத்தைத் தொடராதீர்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்குப் பிஸ்டனும் போரிங்கும் என் செலவில் செய்துகொடுத்தேன். இந்த வருஷம் ஆடியில் அதே வழியில் கன்னியாகுமரி போய் வந்தார். கயத்தாறில் ஒன்று, வள்ளியூரில் ஒன்று என்று நிறுத்திய இடத்திலெல்லாம் பிளக்கைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாமே பிஸ்கட் நிறம்.